எடைக்கல்லில் ஒரு பொட்டு

கேட்டி, டெக்சாஸ்
12 ஜூலை 2025

அன்புள்ள கருப்பசாமி அண்ணைக்கு,

வதனி எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீங்கள் என்னைப் பிளாக் பண்ணி இருபது மாதம் ஆகிறது. தபால்காரரைப் பிளாக் பண்ண வழியில்லை என்பதால் இந்தக் கடிதம். விலாசத்தை உங்கள் மகன் மதனிடம் கேட்டேன். “அப்பா கோவிப்பார் ஆன்ட்டி” என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே விலாசத்தையும் அனுப்பினான். தயவுசெய்து அவனை ஏசாதீர்கள்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். போன வருஷம் மார்ச்சில் நீங்களும் வசந்தாமணி அக்காவும் நியூ ஜெர்சிக்கு வீடு மாறிய அன்று, என் கராஜ் வாசலில் நாலு பெட்டி வைத்துவிட்டுப் போனீர்கள். நான் ஹாஸ்பிடலில் டியூட்டியில் இருந்தேன். பதின்மூன்று வருஷம் பக்கத்து வீடு. ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதி வைக்கவில்லை.

பெட்டிகளை நானும் இத்தனை நாள் திறக்கவில்லை. போன ஞாயிறுதான் திறந்தேன், விற்பதற்காக. தோட்டா அழுத்துகிற பிரஸ், அச்சுகள், பித்தளைக் கூடுகள், வெடிமருந்து நிறுக்கிற தராசு எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் படம் எடுத்தேன். மூன்றரை வருஷம் நான் துப்பாக்கிப் போட்டிகளில் சுட்ட ஒவ்வொரு தோட்டாவையும் நீங்கள் இந்தச் சாமான்களை வைத்துத்தான் செய்தீர்கள். கடைத் தோட்டா நூறு யார்டுக்குப் போதும், ஆயிரம் யார்டுக்குப் போதாது, ஒவ்வொரு ரைஃபிளுக்கும் பிடித்த மருந்தளவு ஒன்று உண்டு என்பீர்கள். மாப்பிள்ளைக்கு உப்பு, புளி பார்த்துச் சமைக்கிற மாமியார் மாதிரி என்று அக்கா உங்களைக் கேலி பண்ணுவார்.

கடைசியாக எடைக்கல் பெட்டியைத் திறந்தேன். இருபது கிராம் கல். தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, வேலை தொடங்கும்போதெல்லாம் முதலில் வைப்பீர்களே, அது. கல் பதிந்திருக்கிற பஞ்சில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை இருந்தது.

பிறகு உங்கள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். “நவம்பர் 4, 2023, மாலை. எடைக்கல்லில் சந்தனம், மிச்சம் கொஞ்சம். துடைத்தேன். தராசை மறுபடி சரிசெய்து பார்த்தேன். காரணம் இதுதான்.”

நவம்பர் 4 அந்தப் போட்டி நாள். எட்டுப் பேருக்கு முன்னால் நான் உங்களிடம் அந்தக் கதை கதைத்த நாள்.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னம், ஆயுத பூஜைக்கு, உங்கள் கராஜில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது நான். அந்தக் கல்லுக்கும் நான்தான் வைத்திருக்க வேண்டும். போட்டி முடிந்த மாலையே அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை?

பெட்டிகளை விற்கலாமா என்றும் எழுதவும்.

வதனி


வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி
24 ஜூலை 2025

மதிப்பிற்குரிய டாக்டர் வதனி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பெட்டிகள் இப்போது தங்களுடையவை. விற்கலாம், வைத்துக்கொள்ளலாம், என்னிடம் கேட்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும். மூன்றாவது பெட்டியில் மருந்து டப்பா இரண்டு இருக்கும். பதினாறு மாதம் டெக்சாஸ் கராஜில் வெந்த மருந்தை நம்பக்கூடாது. யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். முறைப்படி அப்புறப்படுத்துவது எப்படி என்று துப்பாக்கி ரேஞ்சில் கேட்டால் சொல்வார்கள்.

பொட்டு விஷயம் பழைய விஷயம். ஒரு பொட்டு என்ன எடை இருந்துவிடப் போகிறது? அன்றைய எரிச்சலில் எதையோ கிறுக்கியிருக்கிறேன்.

எட்டுப் பேருக்கு முன்னால் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு இல்லை, பதினொன்று. ஸ்கோர் போர்டுக்குப் பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள். “உங்கட கை நடுங்குது. ஆரும் சாகமுன்னம் இந்த வேலைய விடுங்கோ” என்றீர்கள். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது என்பதால் இங்கிலீஷிலும் ஒரு முறை சொன்னீர்கள். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர், தினமும் நூறு கையைப் பார்க்கிறவர். டாக்டர் சொன்னால் நோயாளி கேட்க வேண்டியதுதானே. விட்டுவிட்டேன்.

இங்கே சௌகரியமாக இருக்கிறோம். மதன் வீட்டுக்கு அடுத்த தெரு. காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் வரை நடந்து போய், நியூயார்க் ரயிலுக்கு ஓடுகிற ஜனங்களைப் பார்த்துவிட்டு வருவேன். எனக்கு இப்போது வேறு சோலி இல்லை.

தங்கள் கணவர் வரதராஜா அவர்களின் ரைஃபிளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதையும் விற்கிறீர்களா?

இப்படிக்கு,
கருப்பசாமி


கேட்டி
2 ஆகஸ்ட் 2025

அண்ணை,

“தாங்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். முன்னம் “நீ” என்பீர்கள், கோபம் வந்தால் “நீங்க” என்பீர்கள். தாங்கள் என்றால் எவ்வளவு கோபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ரைஃபிளை விற்கவில்லை. ஒருமுறை விற்கப் போனதே போதும். ஞாபகம் இருக்கிறதா? வரதன் அதை ஆசையாக வாங்கி, ஒரு குண்டுகூடச் சுடாமல், 2019 ஆகஸ்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். ஆறு மாதம் அது கட்டிலுக்குக் கீழே கிடந்தது. ரேஞ்சில் ஒருவர் வாங்குவார் என்று நீங்கள்தான் என்னைக் கூட்டிப் போனீர்கள். அந்த ஆள் வரப் பிந்திவிட்டது. “சும்மா உக்காந்திருக்கிறதுக்கு ஒண்ணு ரெண்டு போட்டுப் பாருங்களேன் டாக்டர்” என்றீர்கள், அப்போது நான் உங்களுக்கு இன்னும் டாக்டர்தான். ஆயிரம் யார்டு தள்ளி வெள்ளை இரும்புத் தகடு, கண்ணுக்கு அரிசி அளவு. ஐந்து குண்டு மண்ணில் போனது. ஆறாவதுக்கு நீங்கள் விரல் விட்டு எண்ணினீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு என்று சொல்லி முடிக்க “டங்” என்று சத்தம் வந்து சேர்ந்தது.

ஆறு மாதமாக வீட்டில் நான் கதைத்த எதற்கும் ஒரு சத்தம் திரும்பி வரவில்லை, அண்ணை. அன்றைக்குத்தான் வந்தது. வாங்க வந்தவருக்கு நீங்களே பெட்ரோல் காசு கொடுத்து அனுப்பிவிட்டீர்கள்.

பிறகு எத்தனை சனிக்கிழமை. விடிய முன்னம் உங்கள் ட்ரக், பின் சீட்டில் அக்காவின் புளிச்சோறு, ரேஞ்சில் மூடுபனி விலகுமட்டும் ஃபிளாஸ்க் தேத்தண்ணி. ஐந்து ஐந்து தோட்டாவாகக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் மருந்தை ஒரு துளி மாற்றி, பெயர் எழுதிக் கொண்டு வருவீர்கள். “இது அழுத்தக்காரி, இது சோம்பேறி, இது நல்ல பிள்ளை” என்று. மூன்று வருஷம் தேடி அந்த நல்ல பிள்ளையைப் பிடித்தோம். அதைக் கொண்டு சுட்ட முதல் பெரிய போட்டியில்தான் நான் உங்களை அப்படிப் பேசினேன்.

ஒரு பொட்டு என்ன எடை என்று கேட்டீர்கள். நிறுத்துப் பார்த்தேன். அன்றைக்கு வைத்த மாதிரியே தாராளமாகச் சந்தனம், மேலே குங்குமம். இரண்டு நாள் காயவிட்டு ஹாஸ்பிடல் லேப் தராசில் வைத்தேன். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. இருபது கிராம் கல்லில் அது நூற்றுக்கு அரை. பொட்டோடு கல்லை வைத்துத் தராசைச் சரிசெய்தால், அதற்குப் பிறகு நிறுக்கிற மருந்து எல்லாம் நூற்றுக்கு அரை கூடும். நோட்டில் இருக்கிறது, நீங்கள் முதல் முப்பது தோட்டாவைப் புதன்கிழமை செய்தீர்கள், அடுத்த முப்பதை ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் பொட்டு காய்ந்து உதிர்ந்திருக்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொண்டு வந்தீர்கள். அதனால்தான் என் இலக்குப் பேப்பரில் ஓட்டைகள் நடுவில் ஒரு கூட்டம், நாலு விரல் மேலே ஒரு கூட்டம் என்று நின்றன. உங்கள் கை நடுங்கியிருந்தால் ஓட்டைகள் கண்டபடி சிதறியிருக்கும், இப்படி இரண்டாகப் பிரிந்திருக்காது. நான் அன்றைக்கே பேப்பரை வடிவாகப் பார்த்திருந்தால் விளங்கியிருக்கும். பார்க்கவில்லை. வாயைத் திறந்தேன்.

நான் சொன்னது பிழை. என்னை மன்னியுங்கள்.

ஆனால் ஏன் சொல்லவில்லை என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

வதனி


வெஸ்ட் வின்ட்சர்
19 ஆகஸ்ட் 2025

வதனிக்கு,

உங்கள் கடிதத்தை வசந்தாமணிதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு, “அந்தப் புள்ள லேப் வரைக்கும் போயிருச்சு, இனி மறைச்சு என்னங்க ஆகப் போகுது, எழுதிப் போடுங்க” என்றாள். இத்தனை நாள் வாயைத் திறக்காதே என்று என்னைக் கட்டிப்போட்டவளும் அவள்தான்.

அந்த ஆயுத பூஜையை நினைத்துப் பாருங்கள். கராஜைக் கழுவி, பிரஸுக்கும் ரைஃபிளுக்கும் மாலை போட்டு வைத்திருந்தேன். எதிர் வீட்டு ஸ்வர்ணாவும் இன்னும் நாலு பேரும் வந்திருந்தார்கள். வசந்தாமணி சந்தனக் கிண்ணத்தை உங்கள் கையில் கொடுத்து, “நீ வை அம்முணி” என்றாள். நீங்கள் தயங்கினீர்கள். “நான் வைக்கலாமோ அக்கா?” என்று கேட்டீர்கள். உங்கள் ஊரில் சரஸ்வதிக்குப் புத்தகம் வைப்பதோடு சரி, ஆயுதத்துக்குப் பொட்டு வைக்கிற வழக்கம் இல்லை, அதனால் கேட்கிறீர்கள் என்று முதலில் நினைத்தேன். நான் ஒரு மரமண்டை. வரதராஜா போனதில் இருந்து எந்த விசேஷத்திலும் உங்களை யாரும் கிண்ணத்தைத் தொடச் சொன்னதில்லை என்று அப்புறம் வசந்தாமணி சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

நீங்கள் பொட்டு வைக்க ஆரம்பித்ததும் சமையலறையில் ஸ்வர்ணா, “அவங்க கையாலயா வைக்கச் சொல்றீங்க, நாளைக்கு ஏதாவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?” என்று கேட்டிருக்கிறாள். வசந்தாமணி அவளுக்குக் கொடுத்த பதிலைக் கடிதத்தில் எழுத முடியாது. இது எதுவும் தெரியாமல் நீங்கள் ஒவ்வொரு சாமானாக, ஸ்க்ரூ டிரைவரைக்கூட விடாமல், பொட்டு வைத்துக்கொண்டே போனீர்கள். முகம் அப்படி இருந்தது. ஆறு வயசுப் பிள்ளைக்குக் கலர் பென்சில் கிடைத்த மாதிரி.

போட்டி முடிந்து வீட்டுக்கு வந்து, கல்லைப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்ததும் முதல் காரியமாக உங்கள் வீட்டுக்குத்தான் கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது வசந்தாமணி மறித்தாள். “போய்ச் சொல்லுங்க. ஸ்வர்ணா சொன்னது பலிச்சுதுன்னு ஊரே பேசட்டும். அது அந்தப் புள்ள காதுக்குப் போகட்டும். அப்புறம் அது ஜென்மத்துக்கும் ஒரு கிண்ணத்தைத் தொடுமா?” என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

கருப்பசாமி


கேட்டி
14 செப்டம்பர் 2025

அண்ணை,

பதில் எழுத நாள் எடுத்தது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

எனக்கு உங்கள் இருவர் மேலும் சரியான கோபம். என்னைக் காப்பாற்றினீர்கள் என்று நினைக்கிறீர்கள். எதில் இருந்து? ஸ்வர்ணாவின் வாயில் இருந்தா? நான் பதினாறு வயதில் ஷெல்லடிக்கு நடுவில் ஓ-லெவல் சோதனை எழுதினவள். ஒரு பெண் சமையலறையில் நின்று சொல்கிற கதைக்கு உடைந்துபோக மாட்டேன். உடைந்தாலும் அது என்னுடைய பாடு.

உங்கள் மௌனத்தால் நான் என்ன ஆனேன் தெரியுமா? இருபது மாதம் ஒரு நல்ல மனிதரைப் பொய்யாகப் பழி சொன்னவளாக இருந்தேன், அது தெரியாமலே. ரேஞ்சில் உங்களைப் பற்றி ஆராவது கேட்டால், “வயசாகிவிட்டது, கை சரியில்லை” என்று அனுதாபமாகச் சொல்லியிருக்கிறேன். அனுதாபமாக, அண்ணை.

விதவைக்குப் பொட்டு வைக்கிற உரிமையைக் கொடுத்தீர்கள். உண்மையைக் கேட்கிற உரிமையைக் கொடுக்கவில்லை. இரண்டில் எது பெரிது என்று வசந்தாமணி அக்காவைக் கேட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்களை எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் ரிஃபைனரியில் மீட்டர்களைச் சரிபார்த்த ஆள். ஒரு பித்தளைக் கூடு லேசாக நெளிந்திருந்தாலே கண்ணாடி போட்டுப் பார்ப்பீர்கள். எடைக்கல்லை எடுத்துத் தராசில் வைக்கும்போது அதில் ஒரு பொட்டு இருந்தது உங்கள் கண்ணில் படவில்லையா?

வதனி


வெஸ்ட் வின்ட்சர்
22 செப்டம்பர் 2025

தங்கச்சி வதனிக்கு,

கடைசிப் பாராவில் கேட்டாயே, அதுதான் கேள்வி. இந்தக் கேள்வி வந்துவிடக்கூடாது என்றுதான் உன்னைப் பிளாக் பண்ணினேன்.

பட்டது. பார்த்தேன்.

புதன்கிழமை காலையில் இடுக்கியால் கல்லை எடுக்கும்போதே பார்த்தேன். நல்ல வட்டமான பொட்டு. துடைக்கத் துணியையும் எடுத்தேன். சாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஊறிப்போனது. போதாததற்கு அது நாலு வருஷத்துக்கு அப்புறம் நீ வைத்த பொட்டு. துணியைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனூண்டு பொட்டு என்ன பண்ணிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரிஃபைனரியில் ஒரு டிரெய்னி இந்த வேலையைச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது தெரிந்தும் எழுந்து நிற்காத ஆனை நான்.

அதனால் உன் மேல் வைத்த அக்கறையால் வாயை மூடினேன் என்பது பாதிதான் உண்மை. பொட்டு என்று நான் வாயைத் திறந்திருந்தால், அடுத்த கேள்வியாக நீ இதைத்தான் கேட்டிருப்பாய். அந்தப் பதினொரு பேர் முன்னால் கை நடுங்குகிற கிழவன் என்று பேர் வாங்கினது அவமானம்தான். ஆனால் கண் திறந்திருந்தும் அளவில் தப்புச் செய்தவன் என்று பேர் வாங்குவது எனக்கு அதைவிடப் பெரிய அவமானமாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அதை வசந்தாமணியின் நல்ல மனசு என்று உனக்குப் போன கடிதத்தில் பரிமாறினேன். மன்னித்துக்கொள்.

நீ சொன்ன இன்னொன்றும் சரியாகத்தான் போய்விட்டது. கை நடுங்குகிறது. அன்றைக்குக் கொஞ்சம், இப்போது நன்றாகவே. இங்கே டாக்டரைப் பார்த்தேன். பயப்படும்படியாக ஒன்றும் இல்லை, ஆனால் குணமாவதும் இல்லை என்றார். இந்தக் கடிதத்தை எழுத மூன்று நாள் ஆயிற்று, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். இனி நான் ஒரு தோட்டாகூடச் செய்ய மாட்டேன். அதில் வருத்தம் இல்லை என்றால் பொய்.

ஒரே ஒரு ஆசை மிச்சம் இருக்கிறது. அந்த நல்ல பிள்ளை நிஜமாகவே நல்ல பிள்ளையா என்று எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் தேடிய அளவு, அது போட்டிக்குப் போன ஒரே நாளில் பொட்டு விழுந்துவிட்டது. பெட்டிகளை விற்காதே. நோட்டில் முப்பத்தெட்டாம் பக்கம். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன், கண் பட்டுவிடும். நீயே செய், நீயே சுடு. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி அந்தப் போட்டி மறுபடி வருகிறது என்று பார்த்தேன். மருந்து புது டப்பா வாங்கு. டப்பா மாறினால் குணம் மாறும், அதனால் எடுத்த எடுப்பில் நம் அளவுக்குப் போகாதே. கீழேயிருந்து ஆரம்பித்து மெல்ல மேலே வா. மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான் இருக்க வேண்டும். போனை வேறு அறையில் வை.

எப்படி வந்தாலும் அந்தப் பேப்பரை எனக்கு அனுப்பு. இரண்டு கூட்டமாக வந்தால், பொட்டு காரணமில்லை, இந்தக் கிழவன் கண்டுபிடித்த அளவே தப்பு என்று தெரிந்துகொள்கிறேன்.

அண்ணன்,
கருப்பசாமி

அம்முணி, நான் வசந்தாமணி எழுதறேன். எது பெருசுன்னு கேட்டியே கண்ணு. நீ கேட்டதுதான் பெருசு. அன்னைக்கு எனக்கு அது தோணலை. பொறந்த புள்ளையாட்டம் பொத்தி வெக்கோணும்னு நெனச்சுட்டேன். வர்ற ஒண்ணாந்தேதி ஆயுத பூசை. உன்ற ஊட்டுல நீயே கும்பிடு. கிண்ணம் இல்லீன்னா சில்வர் டம்ளர்ல கரைச்சுக்கோ.


கேட்டி
19 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணைக்கும் அக்காவுக்கும்,

பேப்பர் இதோடு இருக்கிறது. கடிதத்தை வாசித்த பிறகுதான் அதை விரிக்க வேண்டும். வாசிக்காமல் விரித்திருப்பீர்கள் என்றும் தெரியும்.

ஒன்றாம் தேதி கராஜைக் கழுவினேன். அக்கா சொன்னது போலச் சில்வர் டம்ளர்தான். ஸ்வர்ணாவையும் கூப்பிட்டேன். என்னத்துக்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. வந்தா. டம்ளரை அவ கையில் கொடுத்து, “பிடியுங்கோ, நான் வைக்கிறன்” என்றேன். பிடித்தா. பிரஸ், அச்சு, ரைஃபிள், என்னுடைய கார், ஸ்டெதஸ்கோப், ஒன்றும் விடவில்லை. கடைசியில் எடைக்கல். அதற்கும் வைத்தேன். அன்றைக்கு வைத்த மாதிரியே தாராளமாக.

அடுத்த நாள் காலை மருந்து நிறுக்க இருந்தேன். கல்லை இடுக்கியால் எடுத்தேன். துடைக்க வேணும் என்று தெரியும். அது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு என்று நானே நிறுத்தவள். துணியும் கையில் இருந்தது. அண்ணை, கை போகவில்லை. மனுஷரின் பொட்டைத் துடைக்கிறது எப்படியென்று எனக்குத் தெரியும். வரதனின் செத்தவீட்டில் என் நெற்றியில் துடைத்தார்கள். அதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னத்தை நினைத்துத் துணியைக் கீழே வைத்தீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு துடைத்தேன். துடைத்துவிட்டு, அந்தச் சந்தனத்தை வீணாக்காமல் என் நெற்றியில் வைத்துக்கொண்டு, நிறுக்கத் தொடங்கினேன்.

நேற்றுப் போட்டி. கீழேயிருந்து மெல்ல வந்ததில் புது டப்பாவுக்கும் நம் அளவேதான் பிடித்தது. காலையில் காற்று இடமிருந்து மெதுவாக, பதினொரு மணிக்குப் பிறகு கொஞ்சம் குழப்படி. பக்கத்தில் நின்று “பொறு, பொறு, இப்ப விடு” என்று சொல்ல ஆளில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், உங்கள் பாஷையில். இருபது குண்டு. மூன்றாவது இடம் கிடைத்தது. அது முக்கியமில்லை. இப்போது பேப்பரைப் பாருங்கள். பத்தொன்பது ஓட்டை ஒரே கூட்டம், நடுவில். மேலே ஒன்றும் இல்லை, கீழே ஒன்றும் இல்லை. வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிற அந்த ஒன்று காற்றைப் பிழையாகப் பார்த்த என்னுடையது. மருந்தில் பிழை இல்லை.

பரிசு கொடுத்து முடிந்ததும் ஸ்கோர் போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எல்லோரையும் கொஞ்சம் நிற்கச் சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன்னம் இதே இடத்தில் கருப்பசாமி அண்ணையைப் பற்றி நான் சொன்னது பிழை, நான் இன்றைக்குச் சுட்டது அவர் கண்டுபிடித்த அளவு, அன்றைக்குப் பிழை விட்டது அவருடைய கை இல்லை என்று சொன்னேன். இங்கிலீஷிலும் சொன்னேன், தமிழிலும் சொன்னேன். யாருடைய பிழை என்று ஒருவர் கேட்டார். பாதி என்னுடையது, மீதி சாமியுடையது என்றேன். உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்றைக்குக் கேட்ட பதினொரு பேரில் ஒன்பது பேர் நேற்று வந்திருந்தார்கள். மற்ற இரண்டு பேருக்கும் பின்னேரம் போன் பண்ணிச் சொன்னேன். ஒருவர் இப்போது சான் ஹோசேயில் இருக்கிறார், நம்பர் தேடிப் பிடிக்கச் சரியான கஷ்டம்.

தங்கச்சி,
வதனி


வெஸ்ட் வின்ட்சர்
25 அக்டோபர் 2025

தங்கச்சி,

பேப்பரை விரித்துவிட்டுத்தான் கடிதத்தைப் படித்தேன். உனக்குத்தான் தெரியுமே.

என் கை ஆடுகிறதென்று வசந்தாமணி பேப்பரைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டைகளை எண்ணினேன். பத்தொன்பதும் ஒன்றும். ஸ்கேல் வைத்து அளந்தேன். அப்புறம் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். மதன் வந்து என்னப்பா என்று கேட்டான். தோட்டா நல்லா வந்திருக்கு என்றேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

வலப்பக்கம் போன அந்த ஒன்று. பதினொரு மணிக்கு மேல் அங்கே மேற்கே இருக்கிற காற்றுக்கொடியை நம்பக் கூடாது, புல்லைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

தபால் ஆறு நாள் எடுக்கிறது. பிளாக்கை எடுத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனதும் கூப்பிடு. பேச ஒன்றுமில்லை. போனை மேஜையில் வைத்துவிட்டு அந்த வெள்ளைத் தகட்டில் ஒன்று போடு. நான் இங்கேயிருந்து எண்ணுகிறேன்.

அண்ணன்